மத்தியானத்தில் மட்டும் தாவிய எலெக்ட்ரான்

எழுபதுகளின் தொடக்கத்தில் கிண்டிப் பக்கம் ஓர் ஆய்வுக்கூடத்தில் முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்திருந்தேன். ஒரு சாயத்தை டையாக்ஸேன் என்ற திரவத்தில் கரைத்துப் புற ஊதா ஒளியைக் காட்டினால் அது மினுங்கும். கூடவே இன்னொரு பொருளைச் சேர்த்தால் அதன் மூலக்கூறிலிருந்து ஓர் எலெக்ட்ரான் சாயத்துக்குத் தாவும், மினுக்கம் மங்கும். எவ்வளவு மங்குகிறது என்று அளப்பதுதான் என் வேலை.

காலையில் கொஞ்சம்தான் மங்கியது. அதே கரைசல் மத்தியானத்துக்கு மேல் நன்றாக மங்கியது. மறுநாள் புதிதாகக் கலக்கினாலும் அதே கதை. தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

"உனக்குக் கை சுத்தமில்லேம்மா," என்றார் என் வழிகாட்டிப் பேராசிரியர். "மாசக் கடைசிக்குள்ள ஒழுங்கா வரலேன்னா வேற எடம் பாத்துக்கோ."

நான் கழுவிய கழுவலுக்குக் கண்ணாடியே தேய்ந்திருக்கும்! கோபம் பொத்துக்கொண்டு வந்தது. வீட்டில் வேறு வரன் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இங்கிருந்து துரத்தினால் நேரே மணமேடைதான்.

ஞாயிற்றுக்கிழமை மயிலாப்பூர் வீட்டில் பொரித்த அப்பளத்தைத் திறந்து வைத்திருந்தேன். அம்மா கத்தினாள்: "மூடி வையேண்டி! கடல் காத்து வந்துடுத்து, நமத்துப் போயிடும்."

அப்படியே உட்கார்ந்துவிட்டேன். ஆய்வுக்கூடத்திலும் மத்தியானம் கடற்காற்று கிளம்பியதும் ஜன்னல்களை விரியத் திறந்து "அப்பாடா" என்போம். முதலில் திறப்பவர் பேராசிரியரே. டையாக்ஸேனோ ஈரத்தை உறிஞ்சும். நீர் மூலக்கூறுக்கு ஒரு முனை நேர், மறுமுனை எதிர். எலெக்ட்ரான் தாவியதும் பிரிகிற மின்சுமையை அந்த இருமுனைகள் திரும்பி நின்று தாங்கிப் பிடித்துத் தாவலைச் சுலபமாக்குகின்றனவோ? இத்துனூண்டு ஈரத்துக்கு இவ்வளவு சக்தியா? நம்பவும் முடியவில்லை, விடவும் முடியவில்லை.

மறுநாள் ஜன்னல்களைச் சாத்திவிட்டு வியர்க்க வியர்க்க அளந்தேன். நாள் முழுவதும் ஒரே அளவு.

"இப்பதான் ஒழுங்கா வந்திருக்கு," என்றார் பேராசிரியர். "பழசையெல்லாம் தூக்கிப் போட்டுடு."

வாயை மூடிக்கொண்டிருந்தால் பிழைத்திருப்பேன். மனசு கேட்கவில்லை. அவர் கண் முன்னாலேயே கரைசலில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டேன். கருவியின் முள் சரசரவென்று இறங்கியது.

"பழசும் தப்பில்லை, சார். தண்ணி பண்ற வேலை."

அவர் முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தார். "சரி, ஆனா இவ்வளவு எப்படி? நான் போட்ட கணக்குக்கு ஒத்தே வரலையே?"

"எனக்கும் புரியலை, சார்."

அவர் ஒரு நாற்காலியை என் மேஜையருகே இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"எனக்கும்தான் புரியலை. இன்னொரு சொட்டு விடு, பாப்போம்."