மீன் அறையில் பத்து நிமிடம்

சிங்கப்பூர் தேக்கா சந்தையில், மீன் வைக்கும் குளிர் அறைக்குள் இரண்டு கம்பளிச் சட்டையோடு நிற்கிறேன். ஜப்பானுக்குத் தனியாகப் போய், மாவு மாதிரி கொட்டிக் கிடக்கும் பனியில் சறுக்க ஆசை. என் ஆறாம் வகுப்பு இங்கிலீஷில் கடிதம் போட்டு, விடுதியில் அறை பிடித்தாயிற்று. இங்கே பத்து நிமிடம் குளிரைத் தாங்கினால்தான் விமான டிக்கெட் எடுப்பேன்.

மீன்கடை அந்தோணி கதவைத் திறக்கிறார். “பத்து நிமிஷம் ஆச்சுண்ணே. உசுரோட இருக்கீங்களா?”

“குளிர் பரவால்ல. தனியாப் போறேனே, விழுந்தா யாரு தூக்குவா?”

“படத்துல எல்லாம் முட்டிய மடக்கித்தானே சறுக்குறாங்க? நீங்க வெறைச்சுப்போய் நிக்கிறீங்க. மடக்குங்க லா!”

மடக்குகிறேன். ஈரத்தரை வழுக்கி, இறால் கூடைகளுக்கு நடுவே உட்கார்ந்துவிடுகிறேன். அந்தோணி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறார், தூக்க வரவில்லை. மீன் அடுக்கும் அலமாரியைப் பிடித்து நானே எழுகிறேன்.

இறால் வாடையோடு டிக்கெட் கடைக்கு நடக்கிறேன்.