தராசக்காவின் பதினாலாம் கூண்டு

தொட்டியில் கிடக்கும் மிச்சத் தீனியை விரலால் வழித்துத் தராசுத் தட்டில் கொட்டி, எண் ஆடாமல் நிற்கும்வரை மூச்சைப் பிடித்துக்கொள்கிறாள். "வச்சதுல மிச்சம் போனா தின்னது. தின்னதுல எவ்வளவு உடம்புல ஒட்டுச்சு? அவ்வளவுதான் வித்தை!"

கறிக்கோழிக் குஞ்சு பொரித்து விற்கிற பண்ணை அவளுடையது. முப்பது கூண்டு, கூண்டுக்கு ஒரு சேவல், ஒரு தொட்டி. கொஞ்சமாய்த் தின்று நன்றாய் வளர்கிறவன் எவனோ, அவனே அடுத்த தலைமுறைக்கு அப்பன்.

தராசக்கா என்பது கறிக்கடைக்காரர்கள் வைத்த பேர். ஐந்தாம் வகுப்போடு நின்றவள், ஆறு கோழியோடு தொடங்கியவள். கோழி டாக்டர் தராசைத் தேடுவதற்குள் கோழியைக் கக்கத்தில் இடுக்கி எடையைச் சொல்லிவிடுவாள். பத்து கிராம் பிசகாது. "அவரு படிச்சுட்டு வந்தாரு. நான் தூக்கிட்டு வந்தேன்."

இந்த முறை பதினாலாம் கூண்டுச் சேவலால் அவளுக்குத் தலைகால் புரியவில்லை. ஒரு கிலோ எடை ஏற மற்றவை ஒன்றே முக்கால் கிலோ தீனி கேட்க, இது ஒன்றேகாலோடு முடித்துக்கொண்டது. பதினைந்தாம் கூண்டோ இரண்டேகால்! "வயிறா இது, கிணறா?" என்று அதைக் கறிக்குக் கழித்துவிட்டாள்.

கடைக்காரர் வந்தார். கணவர் பதினைந்தைப் பிடித்துக் கூடையில் அடைத்து வண்டியில் ஏற்றினார். அளந்ததும் அடுத்த வேலைக்கு ஓடுகிறவள், அன்று பதினாலை ரசித்தபடி நின்றுவிட்டாள். அது தன் தொட்டியைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கம்பி இடுக்கில் கழுத்தை நீட்டி, காலிக் கூண்டின் தொட்டியில் சாவகாசமாகக் கொத்திக்கொண்டிருந்தது.

அவள் முகம் சுண்டிப்போயிற்று.

"அண்ணே, கூடையை இறக்குங்க."

"ஏங்க்கா? நீங்க கழிச்சதுதானே?"

"கழிச்சவதான் சொல்றேன். இறக்குங்க."

கணவர் சிரித்துவிட்டார். "திருட்டுப்பயலுக்கா மாப்பிள்ளைப் பட்டம் கட்டினே?"

அவள் சிரிக்கவில்லை. "இவன் அப்பனும் இதே வரிசையிலதாங்க ஜெயிச்சான். அவன் தின்னதையும் நான் நின்னு பார்க்கல."

"அதுக்காக ஆறு தலைமுறைக் கணக்கும் பொய்யாயிடுமா? விடும்மா, யாருக்குத் தெரியப்போவுது?"

"நம்ம குஞ்சை வாங்கிட்டுப் போய்த் தீனி போடறவனுக்குத் தெரியும்."

மூலையில் கிடந்த அட்டைப்பெட்டியை இழுத்துக் கிழித்தாள். பதினாலைத் திரும்பிப் பார்க்காமல் வரிசையின் தொடக்கத்துக்கு நடந்து, ஒன்றாம் கூண்டுக்கும் இரண்டாம் கூண்டுக்கும் நடுவே ஒரு துண்டைத் தடுப்பாகச் செருகினாள்.