நிறுத்தி வைத்த பெட்டியில் ஒரு பெண்

எங்கள் ஊருக்கு டெலிவிஷன் வருவதற்குப் பத்துப் பன்னிரண்டு வருஷம் முன்பே எங்கள் வீட்டுச் சுவரில் ஒன்று தொங்கியது. கண்ணாடிச் சட்டம் போட்ட போட்டோவுக்குள் இருந்த டெலிவிஷன் அது. அதில் ஒரே ஒரு பெண் தெரிவாள். காலையிலும் அவள்தான், சாயங்காலமும் அவள்தான். மாரண்டஹள்ளிச் சந்தைக்குப் போகிற ஜனங்கள் தக்காளிக் கூடையை வாசலில் இறக்கிவிட்டு உள்ளே வந்து அவளைப் பார்த்துவிட்டுப் போவார்கள். அவளை முதலில் கண்டுபிடித்துச் சொன்னவள் நான். அந்தப் பெருமையை நினைத்தால் இன்றைக்கும் வாய் கசக்கிறது.

போட்டோவை அனுப்பியவர் என் மாமா, அம்மாவின் தம்பி. அவர் கட்டியிருந்தது அப்பாவின் தங்கையை, அதாவது என் அத்தையை. பெண் கொடுத்துப் பெண் எடுத்த சம்பந்தம். இப்படிப்பட்ட சம்பந்தத்தில் ஒரு பக்கம் அறுந்தால் மறுபக்கத்தையும் அறுத்துவிடுவது எங்கள் பக்கத்து வழக்கம். பாலக்கோட்டில் அப்பாவின் பங்காளி ஒருவர், தன் தங்கையை மைத்துனன் தள்ளி வைத்துவிட்டான் என்ற சேதி வந்த மறுநாளே, ஒரு குற்றமும் செய்யாத தன் மனைவியைப் பஸ் ஏற்றி அனுப்பிவிட்டார். பிள்ளைகள் இரண்டும் அப்பனோடு நின்றுவிட்டன. அதை எங்கள் அப்பா நியாயம் என்றே பேசினார். அத்தையின் கல்யாணத்தன்று எல்லோர் முன்னாலும் அம்மாவிடம், "என் தங்கச்சி கண்ணுல தண்ணி வந்துச்சுன்னா அன்னிக்கே நீயும் உங்கம்மா வூட்டுக்குப் பொறப்பட வேண்டியதுதான்" என்றாராம். பந்தியே சிரித்ததாம். அம்மா சிரித்தாளா என்று யாரும் பார்த்ததாகத் தெரியவில்லை.

கல்யாணமாகி எட்டு மாதத்தில் மாமா மேல்படிப்புக்கு அமெரிக்கா போனார். இரண்டு வருஷம்தானே என்று அத்தை எங்கள் வீட்டுக்கு வந்து இருந்துகொண்டாள். மாமாவின் கடிதங்கள் அப்பா பேருக்கு வரும். படித்துக் காட்டுவது நான். அப்பா எழுத்துக் கூட்டிப் படித்து முடிப்பதற்குள் அடுத்த கடிதம் வந்துவிடும். அம்மாவுக்கும் அத்தைக்கும் எழுத்துத் தெரியாது. மூன்றாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்த நான்தான் அந்த வீட்டில் மெத்தப் படித்தவள்.

மாமா எழுதுவதெல்லாம் டெலிவிஷனைப் பற்றித்தான். அவர் குடியிருந்த வீட்டுக்காரக் கிழவருக்கு நினைவு தெரிய முன்பெல்லாம் வீடுகளில் ரேடியோதானாம். இரண்டாவது உலகச் சண்டை முடிந்தபிறகு ஒரு தெருவுக்கு ஒரு வீட்டில் இந்தப் பெட்டியை வாங்கினார்களாம். அக்கம்பக்கத்தார் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து உட்கார்ந்து பார்ப்பார்களாம். ஐந்தாறு வருஷத்தில் கூரைக்குக் கூரை கம்பி முளைத்து, வீட்டுக்கு வீடு பெட்டி வந்ததும் யாரும் யார் வீட்டுக்கும் போவதில்லையாம். எதிரும் புதிருமாகக் கிடந்த நாற்காலிகளை எல்லாம் பெட்டியைப் பார்க்கத் திருப்பிப் போட்டுவிட்டார்களாம். அதன் முன்னால் உட்கார்ந்து தின்பதற்கென்றே தட்டில் பாத்தி கட்டின சாப்பாடு கடையில் விற்கிறதாம். நிலாவில் மனிதன் நடந்ததைக்கூட அங்கே வீட்டுக்குள் இருந்தபடியே பார்த்துவிட்டார்கள். நாங்கள் வாசலில் நின்று அண்ணாந்து பார்த்ததில் கழுத்து வலித்ததுதான் மிச்சம்.

கடைசியில், 'அனைவரையும் கேட்டதாகச் சொல்லவும்' என்று ஒரு வரி இருக்கும். அந்த அனைவரில் அத்தையும் அடக்கம். அந்த ஒரு வரிக்காக அவள் ஒவ்வொரு கடிதத்தையும் வாங்கி, மடிப்புக் கலையாமல் தன் தகரப் பெட்டியில் கூறைப் புடவைக்கு அடியில் வைத்துக்கொள்வாள்.

இரண்டு வருஷம் முடிந்து மூன்றாவது வருஷம் நடந்தபோது அந்த போட்டோ வந்தது. மரப்பெட்டி டெலிவிஷன் ஒன்று, பக்கத்தில் நாற்காலியில் கால்மேல் கால் போட்டுச் சிரித்தபடி மாமா. அப்பா மாமாவைப் பார்த்தார், அம்மா மாமா இளைத்துவிட்டாரா என்று பார்த்தாள். நான் பெட்டியைப் பார்த்தேன். கறுத்த கண்ணாடிக்குள் முழங்கால் வரைக்கும் கவுன் போட்ட ஒரு பெண், மார்புக்கு நேராக ஒரு சின்னப் பெட்டியைப் பிடித்துக்கொண்டு, தலையைக் குனிந்து நின்றாள்.

"டெலிவிசன்ல ஒரு பொம்பள தெரியுறா!" என்று கத்தினேன். அப்பா என்னைத் தூக்கிச் சுற்றினார். போட்டோவுக்குள்ளேயே டெலிவிஷன் ஓடுகிறது என்பது அவருக்குத் தாங்கவில்லை.

அத்தை மட்டும் என்னைக் கடிதத்தைப் படிக்கச் சொன்னாள். படித்தேன். 'ஓடும்போது போட்டோ பிடித்தால் கோடு கோடாக விழும். ஆகையால் பெட்டியை நிறுத்திவிட்டுத்தான் எடுத்தோம்' என்று இருந்தது. அப்பா அதற்குள் போட்டோவைத் தெருவுக்குக் கொண்டுபோய்விட்டார். அம்மாவும் பின்னாலேயே போய்விட்டாள்.

"அந்த வரிய மறுபடி படி பாப்பா" என்றாள் அத்தை. படித்தேன்.

"எடுத்தேன்னு எழுதியிருக்காரா, எடுத்தோம்னா?"

"எடுத்தோம்" என்றேன். துணைக்காலைக்கூட விரல் வைத்துக் காட்டினேன். வாத்தியாரிடம் நல்ல பேர் வாங்குகிறவள் அல்லவா நான்.

அத்தை கடிதத்தை வாங்கி மடித்தாள். "இந்த வரிய இனிமே யாருக்கும் படிச்சுக் காட்டாத" என்றாள். கரண்டு சம்பந்தமான ஏதோ ரகசியம் என்று நினைத்துக்கொண்டேன்.

ஓடாத டெலிவிஷனின் கண்ணாடி வெறும் கண்ணாடிதான், எதிரே நிற்பவரைத்தான் காட்டும் என்பது எங்கள் வீட்டில் எழுத்துத் தெரியாத அத்தைக்கு அந்த நிமிஷமே விளங்கிவிட்டது. எதிரே நின்றவள் போட்டோ பிடித்தவள்; அவள் கையிலிருந்தது குனிந்து பார்த்துப் பிடிக்கிற பெட்டிக் கேமரா. மாமா அவளைப் பார்த்துத்தான் சிரித்துக்கொண்டிருந்தார்.

எங்களுக்கு அந்தக் கவலையெல்லாம் இல்லை. அப்பா தர்மபுரிக்குப் போய் ஸ்டுடியோவில் கொடுத்துப் போட்டோவைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டு, நடுச்சுவரில் ஆணியடித்து மாட்டினார். இன்னொருத்தியைத் தங்கையின் கண்முன்னால் தன் கையாலேயே மாட்டினார். பார்க்க வந்தவர்களில் ஒருவர் அவள் சேதி வாசிக்கிறாள் என்றார். இன்னொருவர் நாடகக்காரி என்றார். கையிலிருப்பது ஆர்மோனியப் பெட்டி என்று ஒரு பாட்டுக்காரர் அடித்துச் சொன்னார். நான் சுண்ணாம்புக்கட்டி டப்பாவை மார்பில் பிடித்துக்கொண்டு டெலிவிஷன் பெண்ணாக நிற்பேன். "அத்தே, நீங்க மாமா மாதிரி உக்காருங்க, சிரிங்க" என்பேன். அத்தை உட்காருவாள். சிரிக்கவும் செய்வாள். என்ன பிறவி நான் என்று இப்போது தோன்றுகிறது.

கிணற்றுக்குக் கரண்டு மோட்டார் வைத்த வருஷம் ஒரு லைன்மேன் வந்தார். பட்டாளத்தில் இருந்தவர், டெல்லியில் டெலிவிஷனைக் கண்ணால் பார்த்தவர். அப்பாவுக்குக் கேட்க வேண்டுமா? மோர் கொடுத்து உட்கார வைத்துப் போட்டோவைக் காட்டினார். லைன்மேன் எழுந்து கிட்டத்தில் போய்ப் பார்த்தார்.

"ஓடுற பொட்டின்னா வெளிச்சமா இல்ல தெரியணும்? இது கறுத்துக் கெடக்குதுங்களே. ஓடுதா, நின்னுருக்குதா?"

அப்பாவின் முகம் சுருங்கியது. அந்நியர் முன்னால் வாயைத் திறக்காத அத்தை சமையற்கட்டிலிருந்து வந்து, "ஓடுதுங்க. ஓடும்போது புடிச்சதுன்னுதான் எழுதியிருந்தாரு" என்றாள்.

எனக்குப் பொறுக்கவில்லை. கடிதம் படித்தவள் நான். என் படிப்புக்கு வந்த இழுக்காகத்தான் அது எனக்குப் பட்டது.

"அத்தை பொய் சொல்றாங்க! பொட்டிய நிறுத்திட்டு எடுத்தோம்னுதான் மாமா எழு..."

முடிப்பதற்குள் கன்னத்தில் அறை விழுந்தது. அத்தை அதுவரை என்னை ஒரு சுடுசொல் சொன்னதில்லை.

"எதுக்கு புள்ளய அடிக்கற? அந்தக் கடுதாசிய எடுத்தா, பாத்துரலாம்" என்றார் அப்பா. லைன்மேன் இன்னும் போட்டோவைத்தான் உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அது இல்லீங்கண்ணா. அன்னிக்கே அடுப்புல போட்டுட்டேன். வெறகு ஈரமா இருந்துச்சு, பத்த வெக்க வேற காயிதம் கெடைக்கல" என்றாள் அத்தை.

அப்பா என் பக்கம் திரும்பி, பெரியவர்கள் பேச்சில் குறுக்கே வந்ததற்காக அவர் பங்குக்கு ஒன்று வைத்தார். சாருக்கு வேலை இருக்கிறது என்று சொல்லி லைன்மேனைக் கிணற்றுக்கு அழைத்துக்கொண்டு போனார். ஓடுகிற டெலிவிஷன்தான் என்று தீர்மானமாகிவிட்டது. மாமா அதன்பிறகு திரும்பி வரவேயில்லை. படிப்பு முடியவில்லை, வேலை விடவில்லை என்று கடிதங்கள் குறைந்துகொண்டே வந்து நின்றன. அங்கே அவருக்கு ஒரு குடும்பம் இருந்தது எனக்குத் தெரிந்தபோது எனக்கே கல்யாணமாகியிருந்தது. அப்பா அது தெரியாமலே போய்ச் சேர்ந்தார்.

அன்று அம்மா கதவோரத்தில்தான் நின்றிருந்தாள். டெலிவிஷன் பேச்சில் அப்பா கவனிக்காத ஒன்றை அவள் கவனித்திருக்க வேண்டும். மாமாவின் கடிதத்தை அத்தை அடுப்பில் போட்டாள் என்றால் அந்த வீட்டில் வேறு யார் நம்பினாலும் அம்மா நம்பமாட்டாள். போட்டோவைப் பார்த்தாள். அத்தையைப் பார்த்தாள். நான் இரண்டு கன்னமும் எரிய, அம்மா வந்து அணைத்துக்கொள்வாள் என்று கைகளை நீட்டிக்கொண்டு அழுதேன். அவள் என்னைத் தாண்டிப் போனாள். என்னை அடித்த அந்தக் கையைப் பிடித்துத் தன் கண்களில் ஒற்றிக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "எந்திரிங்க அண்ணி, அண்ணன் வந்துருவாரு" என்றாள் அத்தை.

பொய் சொன்னவளுக்கு மரியாதை, உண்மையைச் சொன்னவளுக்கு அறையா என்று பொருமினேன். இரண்டு நாள் அம்மாவோடு பேசவில்லை. அவள் கூப்பிடக் கூப்பிட முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அப்படித் திருப்பிக்கொள்வதற்கு எனக்கு ஒரு அம்மா பஸ் ஏறிப் போகாமல் அந்த வீட்டில் மிச்சமிருந்தது எதனால் என்று அப்போது எனக்குத் தெரியவில்லை.