அவர் முகத்துக்கு மட்டும் திறக்கிற போன்

இன்று நீர்வேலியிலிருந்து பஸ் ஏறி, யாழ்ப்பாணத்தில் போன் திருத்தும் கடைக்குப் போனேன்.

என் கணவர் செத்து இருபது நாள். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு அவர் நினைவாகக் கல்வெட்டுப் புத்தகம் அடிக்க வேண்டும். அந்தப் புத்தகத்தில் போட வீட்டில் நல்ல படம் ஒன்றும் இல்லை. எல்லாம் அவருடைய போனுக்குள் பூட்டிக் கிடக்கின்றன.

கடைக்காரத் தம்பி வாங்கிப் பார்த்தார்.

"அக்கா, அண்ணையின்ரை முகத்தைக் காட்டினாத்தான் உது திறக்கும். இல்லாட்டி நம்பர் வேணும்."

"அவரை எரிச்சாச்சுத் தம்பி. மகளின்ரை பிறந்தநாள் போட்டுப் பாத்தன். எங்கடை கலியாண நாளும் போட்டன். இன்னும் ஏழு நம்பரும் போட்டன். எல்லாம் பிழையெண்டு சொல்லுது."

"இனி ஒருக்கா பிழைச்சா உள்ளுக்கை இருக்கிறதெல்லாம் அழிஞ்சிடும். தொடாதேங்கோ."

"அவரின்ரை மனிசியெண்டு சொன்னாக் கொம்பனி திறந்து தராதோ?"

"கோட்டிலை நீதவான் தந்த கடிதம் கேப்பாங்கள் அக்கா. எல்லாம் பாதுகாப்புக்குத்தானாம்."

"ஆரிட்டையிருந்து பாதுகாப்பு? என்னட்டையிருந்தோ?"

தம்பி போனைத் திருப்பித் தந்தார். காசு வாங்கவில்லை.

வருசா வருசம் கமராவைத் திறமாக்குகிறார்களாம். படம் எடுத்தவர் செத்துப்போனால் வீட்டுக்காரி அதை எப்படிப் பார்ப்பாள் என்று அந்தக் கொம்பனியில் ஒருவரும் யோசிக்கவில்லை.

இதை வாசிக்கிற சொந்தக்காரரே, உங்கள் எல்லோருடைய கலியாண வீட்டிலும் அவர்தான் போனைத் தூக்கிப் படம் எடுத்துக்கொண்டு திரிந்தவர். தவறியாவது யாரும் அவரை எடுத்திருந்தால் அனுப்புங்கள். பந்தியில் இருந்து சாப்பிடுகிற படமென்றாலும் பரவாயில்லை.

கல்வெட்டில் அவர் சாப்பிட்டுக்கொண்டே இருக்கட்டும்.