கேட்காமல் ஊற்றிய தண்ணீர்

பஞ்சு அக்காவைச் சொந்தப் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்க மாட்டார். பிறந்த பிள்ளைகளின் தீவிர சிகிச்சை வார்டில் அவர் ஆயா. கண்ணைத் துடைக்க, உதட்டை நனைக்க என்று நாள் முழுக்கக் கையில் பஞ்சோடுதான் பிழைப்பு. அதே வார்டில் நான் துணி மாற்றுகிறவள்.

அக்கா கத்தோலிக்கர், நான் சீர்திருத்த சபை. எங்கள் வாய்ச்சண்டைக்கு ஓய்வே கிடையாது. மாதாவிடம் ஏன் வேண்டுகிறீர்கள் என்று சீண்டினால், "பெத்தவள ஒதுக்கி வச்சுட்டு மகன்கிட்ட மட்டும் காரியம் சாதிக்கப் பாக்குறீங்களே, இது எந்த ஊரு நியாயம்டி?" என்பார். மறுநாளும் சீண்டுவேன்.

பிழைக்காது என்று டாக்டர் கைவிட்ட பிள்ளையைப் பார்த்தால் மட்டும் அக்கா பேச்சை நிறுத்திவிடுவார். கொதித்து ஆறிய தண்ணீரில் பஞ்சை நனைத்து, பிள்ளையின் நெற்றியில் பிழிந்து ஓடவிட்டு, வாய்க்குள் ஏதோ சொல்வார். சாமியார் வந்துசேர நேரமில்லாவிட்டால் யார் வேண்டுமானாலும் ஞானஸ்நானம் கொடுக்கலாம் என்பது அவர்கள் முறை. கிறிஸ்தவப் பிள்ளை என்று தெரிந்தால் அவருக்குப் போதும். எந்தச் சபை என்று விசாரித்ததுமில்லை, பெற்றவர்களிடம் கேட்டதுமில்லை.

காரணம் எனக்குத் தெரியும். அக்காவின் தலைப்பிள்ளை ஒரு பெண். பிறந்த அன்றே போய்விட்டது. ஞானஸ்நானம் ஆகவில்லை என்று சொல்லி, கல்லறைத் தோட்டத்து மதிலுக்கு வெளியே புதைக்கச் சொன்னார் அந்தக் காலத்துச் சாமியார். இன்று அவர்கள் சபையிலேயே அப்படி யாரும் செய்வதில்லை. அதனால் என்ன? புதைத்தது புதைத்ததுதானே. முகம் தெரியாத அந்தச் சாமியார்மேல் எனக்கு இன்னமும் ஆத்திரம் வரும்.

வினை ஒரு மத்தியான வேளையில் வந்தது. குறைமாதத்தில் பிறந்த ஒரு பெண்பிள்ளைக்கு மூச்சு அடங்கிக்கொண்டிருந்தது. தாய் அறுவைசிகிச்சை மயக்கத்தில் வேறு கட்டடத்தில் கிடந்தாள். அக்கா வழக்கம்போல் பஞ்சை எடுத்தார். பிள்ளையின் அப்பா கண்ணாடிக்கு வெளியே நின்று அத்தனையையும் பார்த்துவிட்டார்.

அந்தக் குடும்பத்தின் சபை வேறு. எங்கள் சபையில் பிள்ளைக்குத் தண்ணீர் தெளிப்பார்கள், அக்கா சபையில் ஊற்றுவார்கள், அவர்கள் சபையிலோ வளர்ந்து விவரம் தெரிந்தவர் தானாகக் கேட்டால்தான் முழுக்குவார்கள். எல்லாம் ஒரே குழாய்த் தண்ணீர்தான் என்று நான் கேலி பேசுவதுண்டு. அந்த வாரம் கேலி வரவில்லை. அக்காவை வேலையை விட்டு நீக்க வேண்டும் என்று அவர்களுடைய பாஸ்டர் புகார் கொடுத்திருந்தார்.

பெரிய டாக்டர் அறையில் விசாரணை நடந்தது. அக்காவுக்குத் துணையாக அவருடைய சாமியார் வந்திருந்தார். நான் சாட்சி. பிள்ளையைப் புதைத்த துக்கம் ஆறாத தாய், கணவர் தள்ளிவந்த சக்கர நாற்காலியில் தலை குனிந்திருந்தாள்.

"எங்க புள்ள ஆண்டவர்கிட்ட போறதுக்கு இவங்க தண்ணி எதுக்கு?" என்றார் பாஸ்டர். "அவ ஒரு பாவமும் அறியாதவ. பெத்தவங்க ஒரு விசுவாசத்துல இருக்கும்போது, அவங்களக் கேக்காம கை வைக்கலாமா?"

அவர்மேல் கடுப்போடுதான் போயிருந்தேன். ஆனால் அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. இல்லை என்று சொன்னால் என் நாக்கு அழுகிவிடும்.

"அவசரத்துல யார் கொடுத்தாலும் அது செல்லும்" என்று சாமியார் தொடங்கினார். செல்லும், செல்லாது என்று இருவரும் வசனத்துக்கு வசனம் மோதிக்கொண்டார்கள். செத்துப்போன பிள்ளையை இருவருமே மறந்துவிட்டார்கள் என்று எனக்குத் தோன்றியது. அக்காதான் எழுந்தார்.

"சாமி, விடுங்க. எனக்காகப் பேச வேணாம்." தாயின் பக்கம் திரும்பினார். "தப்புதாம்மா. உன்னக் கேட்டிருக்கணும். வேலைய விட்டு அனுப்பினா போயிடுறேன். நீ மட்டும் என்னச் சபிச்சுடாத."

தாய் அப்போதுதான் தலையைத் தூக்கினாள். "என் புள்ள அழுதாளா?"

"இல்லம்மா. தூங்குற மாதிரிதான் இருந்தா. விரலக் கொடுத்தேன், பிடிச்சுக்கிட்டா."

"தனியாவா கெடந்தா?"

"என் கையிலதான் இருந்தா. கடைசி வரைக்கும்."

தாய் வெகுநேரம் அழுதாள். பிறகு, "தண்ணி ஊத்தும்போது என்ன சொன்னீங்க?" என்று கேட்டாள்.

"ஜெபந்தாம்மா. பேரு சொல்லித்தான் ஊத்தணும், அதனால ஒரு பேரும் வச்சேன். மத்த புள்ளைங்களுக்கு வாயில வர்ற புனிதர் பேர வச்சுடுவேன். உன் பொண்ணப் பாத்ததும் வேற பேரு வந்துடுச்சு. என் மூத்தவளுக்குன்னு நான் நெனச்சு வச்சிருந்தது. அவளுக்கு வைக்கக் குடுத்து வைக்கல."

தாய் கையை நீட்டினாள். அக்கா குனிந்து அவள் காதில் அந்தப் பெயரைச் சொன்னார்.

"சிஸ்டர், அதெல்லாம் நம்ம சபையில…" என்று பாஸ்டர் தாயிடம் மெதுவாக ஆரம்பித்தார்.

"தெரியும் பாஸ்டர். அந்தத் தண்ணிய நானும் ஏத்துக்கல. இவங்க செஞ்சது தப்பு, அதுல மாத்தமில்ல." தாய் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "ஆனா என் புள்ளைய உலகத்துல பேர் சொல்லிக் கூப்பிட்டது இவங்க ஒருத்தருதான். நான்கூடக் கூப்பிடல. இவங்கள வேலைய விட்டு அனுப்பாதீங்க."

இனி பெற்றவர்களைக் கேட்காமல் எந்தப் பிள்ளைக்கும் எதுவும் செய்யக் கூடாது என்று கண்டித்து, பெரிய டாக்டர் அக்காவை வேலையில் இருக்கச் சொன்னார். சரியென்று அக்கா தலையாட்டினார். அந்த வாக்கைப் பின்னாளில் அவர் மீறி நான் பார்த்ததில்லை. கேட்பார், வேண்டாம் என்றால் பிள்ளையைச் சும்மா கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

எல்லோரும் எழுந்தோம். தாய் மட்டும் பாஸ்டரின் சட்டைக் கையைப் பிடித்தாள். "குழியண்ட ஜெபிச்சப்போ, இந்தப் பிள்ளைன்னுதான் சொன்னீங்க. இப்ப பேர் சொல்லி ஒரு தடவ ஜெபம் பண்ணுங்க." குனிந்த அவர் காதில் பெயரைச் சொன்னாள்.

பாஸ்டர் தயங்கினார். சாமியாரைப் பார்த்தார், தரையைப் பார்த்தார். பிறகு கண்ணை மூடி, அந்தப் பெயரைச் சத்தமாகச் சொல்லி, இவளை உம்முடைய மடியில் வைத்துக்கொள்ளும் ஆண்டவரே என்று ஜெபித்தார். கடைசியில் சாமியாரும் நானும் சேர்ந்து ஆமென் சொன்னோம். அந்தப் பெயரை இன்னொருவர் வாயால் அக்கா கேட்பது அதுதான் முதல் தடவை.