மாரியாத்தாள் போட்ட குழாய்

மாரியாத்தாளை முதலில் பார்த்தபோது நின்றுகொண்டே தூங்குகிறாள் என்றுதான் நினைத்தேன். தக்காளிக் காட்டில் மற்ற பெண்களெல்லாம் குனிந்து பறித்துக்கொண்டிருக்க, அவள் மட்டும் கூடையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு மேற்கே பார்த்தபடி நின்றாள். கணவாய்க் காற்று அவள் முந்தானையை இழுத்துக்கொண்டிருந்தது. கண் திறந்துதான் இருந்தது, ஆள்தான் அங்கே இல்லை.

"அவ அப்படித்தானுங்க. சித்தெ நேரத்துல வந்துபோடுவா," என்றாள் பக்கத்தில் இருந்தவள், யாரோ கடைக்குப் போயிருப்பதைச் சொல்வது போல.

அப்படி எங்கேதான் போகிறாய் என்று பிறகொரு நாள் கேட்டேன். தண்ணீர் பார்க்கிறேன் என்றாள். அவர்கள் காலனிச் சந்துக்குள் தண்ணீர் தானாக நடந்து வருமாம். ஒவ்வொரு வாசலிலும் நின்று, குடத்தை நிரப்பிவிட்டு, அடுத்த வாசலுக்குப் போகுமாம். போகும்போது யாரையும் ஏற இறங்கப் பார்க்காதாம். இதைச் சிரிக்காமல் சொன்னாள்.

கிணத்துக்கடவுக்குக் கிழக்கே தென்னந்தோப்புகளுக்கு நடுவில் இருந்தது அவர்களுடைய கல்லாங்காட்டுக் காலனி. அங்கே குழாய் கிடையாது. பக்கத்துத் தோட்டத்துத் தொட்டிக்குத்தான் போக வேண்டும். தொட்டியைத் தொடக்கூடாது. குடத்தைக் கீழே வைத்துவிட்டுத் தள்ளி நிற்க வேண்டும், தோட்டத்து ஆள் மொண்டு ஊற்றுவான். அவனுக்கு மனசில்லாத நாளில் வெறுங்குடத்தோடு திரும்ப வேண்டும். மாரியாத்தாள் பிறந்ததிலிருந்து அப்படித்தான் தண்ணீர் குடித்தாள்.

நான் போத்தனூர்க்காரி. எங்கள் தேவாலயப் பங்கின் சமூக சேவைக் குழுவில் வேலை. எனக்கு எல்லாம் ஒழுங்காக நடக்க வேண்டும், இல்லையென்றால் முணுக்கென்று கோபம் வந்துவிடும். அப்போது தொண்ணூறுகளின் நடுப்பகுதி. எங்கள் குழு, காலனி மாதர் சங்கம், விவசாயக் கூலிகள் சங்கம் என்று மூன்று அமைப்புகள் அந்த வட்டாரத்தில் சுற்றிக்கொண்டிருந்தோம். கூலிச் சங்கத்தார் எங்களை ஜெபக் கூட்டம் என்பார்கள். நாங்கள் அவர்களை ஊர்வலக் கூட்டம் என்போம். மாதர் சங்கம் எங்கள் இரண்டு பேரையும் பார்த்துச் சிரிக்கும். ஒரே ஊருக்கு மூன்று திட்டம் போட்டு, மூன்றும் குப்பைக்குப் போன பிறகுதான் புத்தி வந்து கூட்டமைப்பாகச் சேர்ந்தோம்.

சேர்ந்தபோது இரண்டு விஷயம் பேசி வைத்தோம். எந்த ஊருக்கு இல்லாமை அதிகமோ அந்த ஊருக்கு முதல் முறை, மற்றவர்கள் காத்திருக்க வேண்டும். அடுத்தது, ஊரின் படத்தை அந்த ஊர்க்காரர்களே கோலப்பொடியால் தரையில் போட வேண்டும். அவர்கள் போட்டதைத் தாளில் அப்படியே எடுக்க வேண்டும், படித்தவர்கள் யாரும் திருத்தக்கூடாது. இதில் எங்களுக்கு ரொம்பப் பெருமை.

குழாய் கேட்பதில் முதல் முறை கல்லாங்காட்டுக்கு என்று முடிவாயிற்று. அடுத்தது ஓடையூர். அங்கே ஒரு கைப்பம்பு இருந்தது, உப்புத் தண்ணீர். ஓடையூர் சுப்பாத்தாள்தான் கூலிச் சங்கத்தில் பெரிய ஆள். நல்ல உயரம், பேச்சு குறைவு. "அவங்களுக்கு அதுவுமில்லீங்களே" என்று சொல்லி விட்டுக்கொடுத்தாள்.

ஆடிக் காற்று கிளம்புவதற்கு முன்னால், காலையிலேயே கல்லாங்காட்டில் படம் போட்டார்கள். நான் அன்று வேறு ஊரில் இருந்தேன். ஆளுக்கொரு பக்கமாகப் போட்டு வந்திருக்கிறார்கள்: சந்து, கோயில், வேப்பமரம், சுடுகாட்டுப் பாதை. புளியமரத்தடி மாரியாத்தாள் பங்கு. பொடியை அள்ளிக்கொண்டு குந்தியவள், மேற்கே ஒரு பார்வை பார்த்துவிட்டு, புளியமரத்துக்குக் கீழே ஒரு குழாய் போட்டாள். குழாய்க்கு முன்னால் வரிசையாகக் குடங்கள். காலனிப் பெண்கள் ஒருத்திகூட வாய் திறக்கவில்லை. பார்க்கப் பார்க்க, அது அங்கே இருப்பதுதான் சரி என்று எல்லோருக்கும் தோன்றிவிட்டதாம்.

சமூகப்பணி படிக்கிற டேவிட்சன் அன்றுதான் முதல்முறையாக அந்தக் காலனிக்கு வந்திருந்தான். அவன் தரையில் இருந்ததை அச்சுப் பிசகாமல் தாளில் எடுத்தான். அப்புறம் காற்று வந்து ஊரையே தூக்கிக்கொண்டு போய்விட்டது. தாளில் மூன்று அமைப்பும் முத்திரை குத்தின. ஒருவர் பார்த்திருப்பார் என்று மற்றவர் நம்பினோம். சேர்ந்து வேலை செய்வதில் இப்படியொரு சுகமும் இருக்கிறது.

பஞ்சாயத்து யூனியன் ஆபீஸ் இன்ஜினியர், நாங்கள் மனுவோடு கொடுத்த படத்தைப் பார்த்தார். "இங்க ஏற்கனவே குழாய் இருக்குதுங்களே. அடுத்த ஊருக்குப் போட்டுடறோம்" என்றார். அடுத்த ஊர் ஓடையூர். இல்லவே இல்லை என்று நான் கத்தினேன். அவர் பொறுமையாகத்தான் பேசினார். "மூணு பேரும் சேர்ந்து குடுத்ததுங்க. ஒருத்தர் பேச்சைக் கேட்டு மாத்த முடியாது. வெள்ளிக்கிழமை நேர்ல வாரேன். மூணு பேரும் அங்க இருந்து சொல்லுங்க, மாத்திக்கலாம். இல்லைன்னா ஓடையூருக்குத்தான்."

அன்று சாயங்காலம் கூட்டமைப்பு கூடியது.

"இல்லாததை எதுக்கு மாரியாத்தா போட்டே?" என்று சீறினேன்.

அவள் தரையைப் பார்த்தபடி சொன்னாள்: "தெரியலீங்கக்கா. போடறப்ப அது அங்க இருந்துதுங்க."

கூலிச் சங்கத்தில் ஒருவர், "எங்க தப்பு என்னுங்க? வாரதை எதுக்கு வேண்டாங்கோணும்?" என்றார். அதில் நியாயம் இல்லாமலும் இல்லை. ஓடையூர்க் குழந்தைகளும் உப்புத் தண்ணீரைத்தான் குடித்தன. எல்லோரும் சுப்பாத்தாளைப் பார்த்தோம். அவள் எழுந்து, சேலையை உதறிக்கொண்டு, பஸ் வந்துவிடும் என்று போய்விட்டாள். எனக்கு அழுகை வந்தது. இத்தனை பாடுபட்டுச் சேர்த்தது ஒரு பிடி கோலப்பொடியில் போச்சே என்று இருந்தது.

வெள்ளிக்கிழமை நான் போய் இறங்கியபோது மாரியாத்தாள் புளியமரத்தடியில் நின்றுகொண்டிருந்தாள். படத்தில் போட்ட அதே இடம். குடம் காலடியில். பின்னால் காலனிப் பெண்கள், அவரவர் குடத்தோடு. யாரும் ஏற்பாடு செய்யவில்லை. அவள் போய் நின்றாளாம், ஒவ்வொருத்தியாகப் பின்னால் வந்து நின்றார்களாம். எங்கள் பங்குப் பெண்களும் ஆளுக்கொரு குடத்தை இரவல் வாங்கிக்கொண்டு சேர்ந்துகொண்டார்கள். ஒழுங்கு ஒழுங்கு என்று பேசுகிற நானும் நின்றேன். புளிய இலை உதிர்ந்து வெறுங்குடங்களுக்குள் விழுந்துகொண்டிருந்தது. காற்று குடத்து வாய்களில் ஊதியது. கொஞ்ச நேரத்தில் எனக்கே தண்ணீர் விழுகிற சத்தம் கேட்பது போல இருந்தது.

ஜீப் வந்தது. இன்ஜினியர் இறங்கி வரிசையின் தலைப் பக்கம் வந்தார்.

"குழாய் எங்கம்மா?"

"அதத்தானுங்க நாங்களும் பாத்துட்டிருக்கறோம்," என்றாள் மாரியாத்தாள்.

அவருக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டார். "ஓடையூர்க்காரங்க யாரும் வரலீங்களே?" என்றார். அவர் ஜீப்பைத் திரும்பிப் பார்த்தார்.

அப்போதுதான் தோட்டத்து வேலியோரம் வண்ண வண்ணமாகப் பிளாஸ்டிக் குடங்கள் வருவது தெரிந்தது. முன்னால் சுப்பாத்தாள். அவள் இன்ஜினியர் பக்கமே திரும்பவில்லை. நேராக வரிசையின் வால் பக்கம் போனாள்.

"கடைசி ஆளு யாருங்க?" என்று கேட்டாள். நான் கையைத் தூக்கினேன். எனக்குப் பின்னால் குடத்தை வைத்துவிட்டு நின்றாள்.

இன்ஜினியர் அங்கே வந்தார். "உங்க ஊருக்குத்தானம்மா வரப்போகுது. வேண்டாமா?"

"வேணுமுங்க. ஆனா எங்க முறை இவிங்களுக்குப் பொறகுங்க. அதுதான் பொறகால நிக்கறோம்."

தை மாதம் புளியமரத்தடிக்குக் குழாய் வந்தது. முதல் நாள் மாரியாத்தாள் அதைத் திறந்தாள், மூடினாள், மறுபடி திறந்தாள். தானே பிடித்த தண்ணீரைத் தானே தூக்கித் தலையில் வைத்துக்கொண்டாள். ஊற்றுவதற்கு யாரும் வேண்டியிருக்கவில்லை. அதைப் பார்த்துக்கொண்டு நான் வாயில் முந்தானையை வைத்து அழுதேன். சந்தோஷத்தில்தான்.

அப்புறம் ஓடையூரில் படம் போடுகிற நாள் வந்தது. இப்போது எங்களிடம் இரண்டு பொடி. இருப்பதற்கு வெள்ளை, வேண்டியதற்குப் பச்சை. வெள்ளையை ஊர்ப் பெண்களே போட்டு முடித்தார்கள். பச்சைக் கிண்ணத்தைச் சுப்பாத்தாள் மாரியாத்தாளிடம் நீட்டினாள்.

"உங்க ஊருங்களே, நீங்க போடுங்க," என்றாள் மாரியாத்தாள் கூச்சத்தோடு.

"நீயே போடு அம்மணி. எங்களுக்கு அதெல்லாம் அத்தனை சுளுவுல கண்ணுக்குத் தெரியறதில்ல."

மாரியாத்தாள் கிண்ணத்தை வாங்கிக்கொண்டு மேற்கே பார்த்து நின்றாள். ஆள் அங்கே இல்லை. நான் அவசரப்படுத்தவில்லை. பிறகு குந்தி, பள்ளிக்கூட மதிலோரம் ஒரு குழாய் போட்டாள். அதற்கு முன்னால் குடங்களை வரிசையாகப் போட்டுக்கொண்டே போனாள். ஓடையூர்ப் பெண்கள் ஒவ்வொருத்தியும் இது எனது, அது உனது என்று சிரித்தபடி பெயர் சொன்னார்கள். எல்லோருக்கும் ஆன பிறகும் ஒரு குடம் மிச்சமிருந்தது.

"இது யாருது?" என்றாள் சுப்பாத்தாள்.

"கடைசியில இருக்கறது எம்படதுங்க," என்றாள் மாரியாத்தாள், கையில் ஒட்டியிருந்த பச்சைப் பொடியைத் தட்டிக்கொண்டே.