‘வுடு’ என்று சொன்னவன்

கால்பந்தில் பேக் ஆடுகிறவனுக்கு, அதாவது கோலுக்கு முன்னால் நின்று தடுக்கிறவனுக்கு, வேலையைவிட வேடிக்கைதான் அதிகம். பந்து எதிர்க்கோடியில் இருக்கும்வரை அவன் நின்றபடியே கனவு காணலாம். நான் தாராளமாகக் கண்டேன். மேகம் நகர்வதையும், கொக்கு வரிசை திரும்புவதையும், புழுதி எழுந்து அடங்குவதையும் பார்த்துக்கொண்டு நின்ற மாலைகள்தான் இன்றைக்கும் முதலில் ஞாபகம் வருகின்றன. அடித்த கோல்கள் ஞாபகம் வருவதில்லை. நான் ஒன்றுகூட அடித்ததில்லை.

புதுச்சேரியில் பிரெஞ்சுக் கொடி இறங்கிய அடுத்த வருஷம், ஒரு மில் எங்களைக் காலுக்காகவே வேலைக்கு எடுத்தது. பெயர் நெசவுப் பகுதியில் இருக்கும். மத்தியானத்துக்கு மேல் ஆள் கடலோர மைதானத்தில் இருப்பான். டீமிலிருந்து எடுத்துவிட்டால் தறிக்குக்கூட அனுப்ப மாட்டார்கள், நேரே வீட்டுக்குத்தான். எங்கள் வீடோ உழவர்கரையில் குத்தகை நிலமும் கைவிட்டுப் போன வீடு. அம்மா அடுப்புக்கு விறகு எடுத்து வைக்கும்போதே என் முட்டியை ஒரு பார்வை பார்ப்பாள்.

எங்கள் கோலி, அதாவது கோல் காப்பவன், தேங்காய்த்திட்டு மீனவன். என் வயதுதான். நல்ல உயரம், அகலமான உள்ளங்கை. வெறுங்காலில் துணிக்கட்டு மட்டும் சுற்றிக்கொண்டு ஆடுவோம். அவன் எனக்குக் கட்டிவிடுவான், நான் அவனுக்கு. வலை முடிகிற கை, அவன் போட்ட முடிச்சு ஆட்டம் முடிகிறவரை அவிழாது.

மில்காரர்களுக்கென்று ஒரு வழக்கம் இருந்தது. தலையிலும் புருவத்திலும் எப்போதும் பஞ்சு ஒட்டியிருக்கும். ஆட்டம் தொடங்குமுன் நான் மடியிலிருந்து ஒரு சிட்டிகைப் பஞ்சைப் பிய்த்துக் காற்றில் விடுவேன். கடல்காற்று அதை மேற்கே கொண்டுபோகும் வேகத்தைப் பார்த்து, உயரப் பந்து எங்கே விழும் என்று கணக்குப் போடுவோம். காற்று என் இலாகா. அதனால் பேக் ‘வுடு’ என்றால் கோலி விட வேண்டும். அதுதான் எங்கள் சட்டம். கடலில் பிறந்தவன் அவன், காற்றுக்கு அதிகாரி நான்! சிரிக்காமல் அதற்கும் கட்டுப்பட்டான்.

அந்த வருஷத்துக் கடைசி ஆட்டம். இரண்டாம் பாதியில் மேற்குக் கோல் எங்களுடையது. பஞ்சு விட்டேன், பறந்தது. அதன் பின்னாலேயே என் மனமும் போய்விட்டது. வெயில் மஞ்சளாகச் சாய்ந்திருந்தது. எல்லாமே தண்ணீருக்கடியில் நடப்பதுபோல மெதுவாக இருந்தது. நடுமைதானத்திலிருந்து ஒருவன் பந்தை உயரே தூக்கி அடித்தான். கோலி இரண்டு கையையும் நீட்டினான். காற்று கம்பத்துக்கு மேலே தள்ளிவிடும் என்று நான், “வுடு!” என்று கத்தினேன்.

கையை இறக்கிவிட்டான். பந்து அவன் தலைக்கு மேலே போய், கம்பத்துக்குக் கீழே சாவதானமாக இறங்கியது. மடியில் மிச்சமிருந்த பஞ்சை எடுத்து விட்டுப் பார்த்தேன். நேராக என் காலடியில் விழுந்தது. காற்று எப்போதோ நின்றிருக்கிறது.

தோற்றோம். மேனேஜர், பிரெஞ்சு வழக்கப்படி எங்களுக்கு ‘முசியே’, எங்கள் முன்னால் வந்து, “கைக்கு வந்த பந்த வுட்டுட்டு நின்னானே, அவன் நாளையிலேருந்து வர வேணாம்” என்றார். கோலி என்னைப் பார்க்கவில்லை. குனிந்து கால்கட்டை அவிழ்த்துக்கொண்டிருந்தான். என் வாயில் கொழுக்கட்டை. அம்மாவின் அடுப்பு கண்முன் வந்தது; பேசாமல் இருந்துவிட்டேன். வெட்கக்கேடு.

மூன்று வருஷம் கழித்து என் முட்டி போயிற்று. அதே மில் என்னைக் கோச் ஆக்கியது. முதல் நாளே ஒரு சட்டம் போட்டேன். ‘வுடு’ என்று சொல்கிறவன் மைதானம் முழுக்கத் தெரிகிறமாதிரி கையைத் தூக்க வேண்டும். எதற்கென்று கேட்டவர்கள்மேல் எரிந்து விழுந்தேன்.

அந்தச் சட்டம் என்னைத் தூங்க விடவில்லை. ஒருநாள் காலை தேங்காய்த்திட்டுக்குப் போனேன். மீன் ஏலம் முடிந்து கரை ஓய்ந்திருந்தது. அவன் படகு நிழலில் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தான். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவிட்டதாகத்தான் அதுவரை நினைத்திருந்தேன். “அன்னிக்கு வுடுன்னு சொன்னது நான்தான். முசியேகிட்ட சொல்லாம வுட்டுட்டேன்” என்றேன்.

அவன் வாய்விட்டுச் சிரித்தான். “ஏம்பா, ஒன்னுது தொண்டையா அது? ஏலம் கூவுறவன் தோத்தான். மைதானம் பூரா கேட்டிச்சி. முசியேவுக்கும்தான் கேட்டிச்சி.”

“அப்புறம் ஏன் ஒன்ன…”

“கோலி எங்கியும் கெடைப்பான், நல்ல பேக் கெடைக்க மாட்டான்னு அவரு கணக்கு.”

“நீயாவது சொல்லியிருக்கலாம்ல?”

ஊசியை வலைக்கண்ணில் விட்டு இழுத்தான். “ரெண்டு பேருல ஒருத்தன் போவணும். எனக்குக் கடல் இருந்திச்சி. ஒனக்கு என்னா இருந்திச்சி?”

அவன் எதிரில் உட்கார்ந்து வலையின் மறுமுனையைப் பிடித்தேன். பிடிக்கத் தெரியவில்லை என்று அதற்குத்தான் திட்டினான்.